வாள் போய் அரிவாள்மணை வந்தது!

எங்கள் திருவண்ணாமலையில் மாடி வீடு வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். கீழே நாம் இருந்துகொண்டு, மேலே ஓர் இத்தாலிக்காரரையோ ஜெர்மன்காரரையோ குடிவைத்துவிடலாம். ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது என்றால் வாடகையை இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்கலாம். அப்படி எங்கள் எதிர்வீட்டு மாடிக்கு ஒரு கார்த்திகை மாதம் வந்து சேர்ந்தவர்தான் ஜப்பான் சார். எழுபதைத் தாண்டிய வயசு. நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது யார் வாயிலும் நுழையாததால் தெருவே அவரை 'ஜப்பான் சார்' ஆக்கிவிட்டது. யாரைப் பார்த்தாலும் இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொல்வார். பால்காரருக்கு, கீரைக்காரம்மாவுக்கு, ஏன், எங்கள் தெருநாய்க்குக்கூட!

அடுத்த வருஷமும் வந்தார். வரும்போது என் பேரனுக்கு ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தார். திறந்தால், உள்ளே ஒரு தலைக்கவசம். கறுப்புக் கிண்ணம், கழுத்துப் பக்கம் சிவப்புக் கயிற்றால் பின்னிய அடுக்கடுக்கான தகடுகள், நெற்றியில் தங்க நிறத்தில் ஒரு பெரிய பிறைச் சந்திரன். பேரன் தலைக்குச் சேரவில்லை. ஒரு நடுத்தரத் தேங்காய்க்குக் கச்சிதமாக இருந்தது.

என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா? இல்லேன்னா போலீஸ்காரங்க பிடிச்சுடுவாங்க" என்றாள்.

ஜப்பானில் மே 5-ம் தேதி குழந்தைகள் தினம். ஆண் குழந்தை இருக்கிற வீட்டில் அன்றைக்கு இந்த மாதிரிக் கவசத்தைக் கொலு மாதிரி அலங்கரித்து வைப்பார்களாம். வசதி இல்லாதவர்கள் செய்தித்தாளை மடித்துத் தொப்பி செய்து பிள்ளை தலையில் வைத்துவிடுவார்களாம். நாம் கப்பல் விடுகிற காகிதத்தில் அவர்கள் கிரீடம் செய்கிறார்கள்.

அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். (அதாவது, கணக்கு வாத்தியாருக்கு என் பீரியடைத் தானம் செய்துகொண்டே இருந்தவன்.) ஆகவே அந்தக் குட்டிக் கவசத்தை விட்டு என் கண் நகரவில்லை. சாயங்காலங்களில் திண்ணையில் உட்கார்ந்து ஜப்பான் சாரைக் குடைய ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்து நூலகத்தில் தேடினேன். பேரன் அவன் அப்பாவின் கம்ப்யூட்டரில் படம் படமாக எடுத்துக் காட்டினான்.

அசல் கவசத்தின் கிண்ணம் ஒரே இரும்புத் தகட்டில் அடித்தது இல்லை. தர்ப்பூசணிக் கீற்று மாதிரி நீள நீளமான தகடுகளைச் செய்து, ஒன்றோடொன்று ஆணி அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். உயர்ந்த ரகத்தில் 62 தகடுகள்கூட உண்டு. ஒரு தலைக்கு 62 தகடு! அதன்மேல் அரக்குப் பூச்சு. அதற்கும் மேலே ஆரம்பிக்கும் பாருங்கள் கூத்து... 16-ம் நூற்றாண்டில் சண்டை பெரிதாகி, ஆயிரக்கணக்கில் ஆட்கள் மோத ஆரம்பித்ததும் 'நம்ம தலைவர் எங்கே நிற்கிறார்' என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டியிருந்தது. உடனே ஒருத்தர் முயல் காது வைத்துக்கொண்டார். இன்னொருத்தர் கெளுத்தி மீன் வால். சங்கு, கத்தரிக்காய், எருமைக் கொம்பு என்று ஆளுக்கு ஒரு சின்னம். நம் ஊர் கட்-அவுட் கலாசாரத்தைத் தலையிலேயே தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்! தாதே மசாமுனே என்ற பிரபுவின் அடையாளம்தான் என் பேரனுக்கு வந்த அந்தப் பிறை. ஹோண்டா தடகட்சு என்ற தளபதி மான் கொம்பு வைத்திருந்தார். பார்த்தால் நிஜக் கொம்புதான். ஆனால் அது காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, அரக்குப் பூசி இறுக வைத்த பொம்மைக் கொம்பு. கனமில்லாமல் இருக்கவேண்டுமே! யுத்தத்துக்குப் போகிறவருக்கும் கழுத்து வலிக்கும்தானே?

ஆனால் என்னை உட்கார வைத்தது தலைக்கவசம் இல்லை. ஒருநாள் ஜப்பான் சார் துணிச் சுருக்குப் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உளுந்து வடை அளவு. வடை மாதிரியே நடுவில் ஓட்டை. இரும்பு. இரண்டு வாத்துகள் பறக்கிற மாதிரி கத்தரித்து எடுத்திருந்தார்கள். வாளின் அலகுக்கும் பிடிக்கும் நடுவில் வளையல் மாதிரி மாட்டுகிற தகடு அது. சுபா என்று பெயர். பிடித்திருக்கும் கை வழுக்கி அலகின்மேல் போய்விடாமல் காப்பது அதன் வேலை. அவருடைய அப்பா வைத்திருந்ததாம்.

இந்த வடைக்குள் அவர்கள் பண்ணியிருக்கிற வேலை இருக்கிறதே! 1603-லிருந்து 1868 வரை தோகுகவா ஷோகன்கள் ஆண்ட காலத்தில் ஜப்பானில் பெரிய சண்டை மிகக் குறைவு. ஆனால் சாமுராய் இடுப்பில் இரண்டு வாள் இருந்தே ஆகவேண்டும். உறையிலிருந்து எடுக்கவே போவதில்லை என்று ஆனபிறகு, அலகு யார் கண்ணில் படும்? வெளியில் தெரிவது பிடியும் வளையமும்தான். அலங்காரம் முழுக்க அங்கே இறங்கியது. செம்பில் கொஞ்சம் தங்கம் சேர்த்து உருக்கி, செம்பு உப்புக் கலந்த கரைசலில் கொதிக்க வைத்து, மழையில் நனைந்த காக்கைச் சிறகு மாதிரி நீலக் கறுப்பு நிறம் வரவழைப்பார்கள். கரைசலில் முக்குவதற்கு முன்னால் அந்த உலோகத்தின்மேல் என்ன தடவுவார்கள் தெரியுமா? துருவிய முள்ளங்கி! நிஜமாகத்தான். நாம் சாம்பாரில் போடுகிற அதே முள்ளங்கி ஜாதிதான். அதன்மேல் மீன் முட்டை அளவுக்குப் புள்ளி புள்ளியாக, வரிசை தப்பாமல் உளியால் தட்டித் தட்டி, நடுவே தங்கத்தில் ஒரு வெட்டுக்கிளி, வெள்ளியில் ஒரு நிலா. கோத்தோ என்ற ஒரே குடும்பம் 15-ம் நூற்றாண்டில் ஆரம்பித்து 17 தலைமுறை இந்த வேலையைப் பார்த்திருக்கிறது.

செய்தவர் பெயர்? அது இருக்கிறது. வளையத்தின் நடு ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வெட்டியிருப்பார்கள். வாளில் மாட்டினால் பிடி வந்து அந்த எழுத்தை மூடிக்கொள்ளும். வாளின் அலகிலும் அப்படித்தான். செய்த கொல்லரின் பெயர் பிடிக்குள் மறைகிற பகுதியில் இருக்கும். கழற்றிப் பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியும்.

இதைச் சொன்ன அன்றைக்கே மத்தியானம் அவர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தார். சமையலறையில் என் மனைவி அரிவாள்மணையில் பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மனிதர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அப்புறம் மெதுவாகப் போய் அரிவாள்மணைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். என் மனைவி அவசரமாகப் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்னங்க இவரு, அரிவாள்மணையைக் கும்பிடறாரு!" என்று கத்தினாள்.

அந்த அரிவாள்மணைக்கு ஒரு கதை உண்டு. என் கொள்ளுத்தாத்தா ஆரணி ஜாகீரில் காவலுக்கு இருந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவரிடம் ஒரு வாள் இருந்தது. அவர் காலமான பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டிருந்த என் கொள்ளுப்பாட்டி, ஒரு வருஷம் சலித்துப்போய் வாளைக் கொல்லன் பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டாள். "வெட்டறதுக்கு ஆளா இருக்கான்? பூசணிக்காய்தான் இருக்கு" என்றாளாம். அலகின் ஒரு துண்டு மணைப்பலகையில் ஏறியது. நூறு வருஷத்துக்கு மேலாகிறது; இன்னும் வெண்டைக்காயைக் காம்பு நசுங்காமல் நறுக்குகிறது. பிடி மட்டும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. முனையில் கிளி மூக்கு, கைக்கு மேலே சல்லடை மாதிரி பூவேலை செய்த ஒரு தகடு. பழைய இரும்புக்காரர் ஒருத்தர் அதை எடை போட்டுப் பார்த்து, ஒரு டீ, இரண்டு பஜ்ஜிக்கு ஆகிற தொகையைச் சொன்னார்.

ஜப்பான் சார் அலகைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தேய்ந்து தேய்ந்து கோடு ரேகை எதுவும் மிச்சமில்லை. பிடியை எடுத்துக் காட்டினேன். திருப்பினார், துடைத்தார், உள்ளே நோட்டம் விட்டார். பிறகு கேட்டார்:

"இது யாருடையது?"

"என் கொள்ளுத்தாத்தாவுடையது."

"அது சரி. யார் செய்தது?"

நான் சும்மா இருந்தேன். ஜாகீர் பெயர் தெரியும், கொள்ளுத்தாத்தா பெயர் தெரியும். வாளை உடைத்துப் பலகையில் ஏற்றச் சொன்ன கிழவியின் பெயர்கூடத் தெரியும். செய்தவன் பெயர் பெட்டியில் இல்லை, பிடியில் இல்லை, எங்கள் வீட்டுக் கதையிலும் இல்லை.

நம்மவர்களுக்குக் கல்லில் பெயர் வெட்டத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் செங்கம் பக்கம் வயல் வரப்பிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரர்களுக்கு நட்ட கல். ஊர் ஜனங்கள் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-ல் நாகசாமியைப் பதிப்பாசிரியராக வைத்து 'செங்கம் நடுகற்கள்' என்று புத்தகமே போட்டது. அந்தக் கற்களில் வீரனின் ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். தலையில் கவசமா? மூச்! கொண்டைதான். (ஹெல்மெட் விஷயத்தில் நம் அலட்சியம் பல்லவர் காலத்திலேயே ஆரம்பித்திருக்கிறது.)

எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ம் ஆட்சி ஆண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய் இறந்திருக்கிறான். பெயரிலேயே கத்தி! அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றிருக்கிறது. நாய்க்கும் சிற்பம் உண்டு, கூடவே பெயரும் உண்டு: கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயர் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. நான் அந்த நாயை நினைத்துப் பெருமைப்படுகிறவன். ஆனால், வீரன் கையில் இருக்கிற குறுவாளை அடித்துக் கொடுத்த கொல்லன் பெயர் செங்கத்துக் கற்களில் நான் தேடிய மட்டும் இல்லை.

இத்தனைக்கும் இது இரும்பு பூமி. எங்கள் ஊரை ஒட்டிய கவுத்திமலையிலும் வேடியப்பன் மலையிலும் இரும்புத்தாது இருக்கிறது. அதை வெட்டியெடுக்கத் திட்டம் வந்து, சுற்றுக் கிராமத்து ஜனங்கள் எதிர்த்து நின்றதெல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள். தெற்கே, பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் மேல்சிறுவலூரில், மூசையில் உருக்குக் காய்ச்சிய தடயங்களை 1990-களில் சாரதா சீனிவாசன் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்து எழுதினார். உமி கலந்து பிசைந்த மண்ணில் மூசை செய்து, இரும்பையும் கரியையும் சேர்த்து அடைத்து உருக்குகிற வித்தை. தென்னிந்தியாவின் இந்த எஃகைத்தான் வெள்ளைக்காரர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். 'உக்கு', 'உருக்கு' என்ற நம் வார்த்தையின் திரிபு என்பார்கள். மின்சாரத்தில் பெயரெடுத்த மைக்கேல் ஃபாரடே, அதற்கு முன்னால் இந்த எஃகின் ரகசியத்தைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார். அவர் அப்பாவும் ஒரு கொல்லர்தான்! அந்த அப்பாவின் பெயர்கூடச் சரித்திரத்தில் இருக்கிறது...

பிடியை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு நான் சென்னைக்குப் பஸ் ஏறியது அதற்கப்புறம்தான். எழும்பூர் மியூசியத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன என்று தெரியும். ஆனால் அவ்வளவு நேரம் நிற்பேன் என்று நினைக்கவில்லை. கட்டாரிகள்! நம் தெற்கத்திக் கட்டாரிக்குக் கைப்பிடி குறுக்காக இருக்கும்; முஷ்டி மடக்கிக் குத்தவேண்டும். புறங்கையைக் காக்க, நாகம் படம் எடுத்த மாதிரி மேலே ஒரு மூடி. அந்த மூடி முழுக்கக் கொடி, பூ, யாளி. இரும்பைத்தான் இப்படிக் குடைந்திருக்கிறார்கள் என்று நம்பவே முடியவில்லை. கோபுரத்தில் சுதைக்காரர் செய்வதை, ஒரு சாண் இரும்பில் செய்திருக்கிறார்கள். டிராயிங் மாஸ்டராகச் சொல்கிறேன்: ஜப்பான்காரர் வேலையில் வெற்றிடம் பேசும், ஒரு மூலையில் நிலா, மறு மூலையில் புல், நடுவில் ஒன்றுமில்லை. நம்மவர் வேலையில் வெற்றிடத்துக்கு இடமே கிடையாது. பஸ்ஸில் கடைசி சீட் மாதிரி, எங்கே கொஞ்சம் சந்து இருந்தாலும் ஒரு கிளி உட்கார்ந்துகொள்ளும்! எது உசத்தி என்று கேட்டால் நான் மாட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் கிளிக்குத்தான் என் ஓட்டு.

இன்னொரு வேடிக்கை, அந்தக் கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பியச் சரக்கு. கப்பலில் வந்த அலகை வெட்டி நம் பிடியில் பொருத்தியிருக்கிறார்கள். நம் எஃகைத் தேடி உலகம் வந்தது. நம் ராஜாக்கள் ஃபாரின் பிளேடு தேடினார்கள். ஃபாரின் மோகம் இன்று நேற்று வந்ததா என்ன?

1855-ல் தஞ்சை இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோக, கம்பெனி சர்க்கார் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. 1860-களில் ஆயுதசாலையைக் கலைத்தார்கள். அழகானவை என்று கண்ணில் பட்டவை கொஞ்சம் மியூசியத்துக்கு. மிச்சம்? உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். வால்ஹவுஸ் என்ற மதராஸ் சிவிலியன் 1878-ல் 'இந்தியன் ஆண்டிகுவரி' பத்திரிகையில் அந்த ஆயுதசாலையைப் பற்றி எழுதி வைத்தார். அதே 1878-ல்தான் இந்தியர்களுக்கு ஆயுதச் சட்டம் வந்தது. என் கொள்ளுப்பாட்டி தனி ஆள். சர்க்கார் அதையே ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறது. பாட்டியின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அவளுடைய வாள் வீணாகவில்லை, சாம்பாரானது.

ஜப்பானிலும் இதே கண்டம் வந்தது. 1876-ல், பொது இடத்தில் வாள் தரிக்கக்கூடாது என்று மெய்ஜி அரசு உத்தரவு போட்டது. ராணுவம், போலீஸுக்கு விலக்கு. வளையம் செய்தவர்கள் பிழைப்பு போயிற்று. ஆனால் அவர்கள் கைக்குப் பெயர் இருந்தது. கானோ நத்சுவோ என்ற வளையக் கலைஞரைக் கூப்பிட்டுப் புது நாணயங்களுக்கு டிராகன் உருவம் செதுக்க வைத்திருந்தது அரசு. மற்றவர்கள் ஜாடி, பெட்டி, குப்பி என்று செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பழைய வளையங்கள் பாஸ்டன் மியூசியம் வரைக்கும் போயின. போன இடத்திலெல்லாம் ஓட்டைக்குப் பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து, இன்னார் செய்தது என்று சீட்டு எழுதி ஒட்டுகிறார்கள். நம் தஞ்சாவூர்க் கட்டாரியும் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. ஜார்ஜ் ஸ்டோன் என்ற சேகரிப்பாளர் 1935-ல் உயில் எழுதிக் கொடுத்தது. சீட்டில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது.

கொடுத்தவர் பெயர் என்றதும் உங்களுக்கு நம் கோயில் டியூப்லைட் ஞாபகம் வந்திருக்கும். 'உபயம்' என்று ஆரம்பித்து, தாத்தா பெயர், கடைப் பெயர், கிளைகள் கிடையாது என்பது வரை எழுதி, வெளிச்சம் வர இரண்டங்குலம் மட்டும் விட்டிருப்பார்கள்!

எங்கள் கார்த்திகை தீபத் திருவிழாவில் ஐந்தாம் நாள் ராத்திரி பெரிய வெள்ளி ரிஷபம் வரும்; ஆறாம் நாள் வெள்ளித் தேர். முதுகில் மடிப்பு, கழுத்தில் மணி, திமிலில் சுழி என்று வெள்ளித் தகட்டில் கொட்டியிருக்கிற வேலையைப் பார்த்தால் ஜப்பான் வளையக்காரர்கள் எழுந்து நின்று குனிவார்கள். ஜப்பான் சார் குனிந்தார். மூன்று தடவை. அங்கேயும் என் காதில் அதே கேள்வியைப் போட்டார்.

அதனால்தான் கவசம் அடிக்கிற ஓர் ஆசாரியைத் தேடிப் போனேன். சின்னப் பட்டறை. குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் காய்ச்சிய அரக்கு வாசனை. தகட்டை அந்த அரக்கில் பதித்து, சூடாக்கி, உளியால் தட்டி, திருப்பி, மறுபடி தட்டி... ஏதோ ஒரு கிராமத்து அம்மனுக்குப் பாதக் கவசம் தயாராகிக்கொண்டிருந்தது. என் பிடியைக் காட்டினேன். கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தார்.

"வேலை தெரிஞ்ச கை, சார். இந்தச் சந்துல உளி திரும்பவே இடமில்லை, பாருங்க. எப்படித் திருப்பினான்?"

"பேரு இல்லையே, ஆசாரியாரே. நீங்களாவது போடறீங்களா?"

சிரித்தார். "உபயதாரர் பேரு முன்னாடி வரும். தேதி வரும். நாம எதுக்கு சார்?"

கொஞ்ச நேரம் பேசாமல் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, முடிந்துபோன இன்னொரு பாதத்தை எடுத்து, ஒட்டியிருந்த அரக்கைத் துடைத்து, உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். குதிகால் பக்கம், கடுகளவில் இரண்டு எழுத்து.

"எங்கப்பா போடுவாரு. நானும் போடறேன். அம்மனுக்கு மட்டும் தெரியும். மாஸ்டர், நீங்க பத்திரிகைக்கெல்லாம் எழுதறவரு... கோயில் பேரை எழுதிடாதீங்க. தர்மகர்த்தாவுக்குத் தெரியாது."

எழுதவில்லை.